இரு பகைவர்க்கும் உறவினர்: தூத்நாத் திவாரி

அந்தமானில் போர்ட் பிளேர் துறைமுகத்தினுள்ளே சாத்தம் என்னும் சிறு தீவு உளது. 1883-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற மர அறுப்பாலையைப் பலரும் அறிவர். அதற்கு 25 ஆண்டுகள் முன்னர், 1858 மார்ச்சு மாதத்தில், ஆங்கில அரசு கொணர்ந்த முதற் கைதிகள் இருநூறு பேர் காடு வெட்டத் தொடங்கியதும் அத்தீவிலேதான். குடிநீர்க் குறைவால் தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறிற்று. கோடரி மட்டும் ஓயவில்லை. காட்டையே வீடாகக் கொண்ட ஆதிகுடிகளுக்கும் கைதிகளுக்கும் அன்று மூண்ட பகை நெடுங்காலம் நீடித்தது.

அப்பகையின் இரு புறத்திலும் வாழ்ந்தவர் தூத்நாத் திவாரி. 14-ஆம் சுதேசிக் காலாட்படையில் சிப்பாயாக இருந்த அவர், 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையொட்டி ஆயுள் தண்டனை பெற்று, 1858 ஏப்ரல் 6-இல் அந்தமான் வந்தடைந்தார். அம்மாதம் 23-ஆம் நாள் தோழர் பலருடன் தப்பியோடினார். பசியும் அம்பும் அவர்களைச் சூழ்ந்தன, பெரும்பாலோர் மாண்டனர். அக்காலத்தில் ஓடிப் பிடிபட்ட கைதிகளுள் எண்பதுக்கு மேற்பட்டோரை அதிகாரி வாக்கர் தூக்கிலிட்டார். அம்பு தைத்து வீழ்ந்த திவாரியையோ, ஆதிகுடிகள் இரங்கிக் காயம் ஆற்றித் தம்மோடு சேர்த்துக்கொண்டனர். லீபா, ஜிகா என்னும் இரு பெண்களை மணம் செய்தும் கொடுத்தனர். ஓராண்டு அவர் அவர்களுள் ஒருவராய் வாழ்ந்தார்.

1859-இல் ஆதிகுடிகள் குடியேற்றத்தைத் தாக்கினர். ஏப்ரல் மாதத் தாக்குதலில் காலில் விலங்கு பூண்ட கைதிகளை அவர்கள் துன்புறுத்தவில்லை என்று ஆங்கில அதிகாரிகளே எழுதிவைத்தனர். மே மாதத்தில் அபர்தீனைத் தாக்க அவர்கள் திரண்டபோது, திவாரி கருவுற்றிருந்த லீபாவை விட்டு முன்னதாக ஓடிவந்து செய்தி உரைத்தார். கைதிகள் பிழைத்தனர், வில்லேந்தி வந்தோர் குண்டுகளுக்கு இரையாயினர். 1860 அக்டோபர் 5-இல் திவாரிக்கு அரசு விடுதலை அளித்தது.

ஒரு சாரார் அவரைக் காவலர் என்பர். மற்றொரு சாரார் துரோகி என்பர். நாம் தீர்ப்புக் கூறப் புகுவது எளிது. ஆயினும் எண்ணிப் பார்ப்போம்: கோடரி பிடித்தவன் அக்காட்டைத் தேடி வந்தவனல்லன், விலங்கிட்டுக் கொணரப்பட்டவன். அம்பு எய்தவன் பிறர் மண்ணைக் கவர வந்தவனல்லன். தன் பிள்ளைகளின் உணவைக் காத்தவன். பகையை மூட்டியோர் தொலைவில் இருந்தனர், மாண்டவர் எளியோரே. அன்று ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர் 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராயினர்; 1961-இல் 19 பேராகக் குன்றினர்.

போரில் வீழ்ந்த ஆதிகுடிகளுக்குப் போர்ட் பிளேரில் இன்று நினைவுத்தூண் நிற்கின்றது. அதன்முன் தலை வணங்குவோர், தூக்கில் மாண்ட கைதிகளையும் அந்நேரமே நினைப்பாராக. ஒரு புறத்தார்க்கு மட்டும் கசியும் உள்ளத்தில் பாதி பகை இன்னும் எஞ்சியிருக்கும். இரு புறமும் கசிவதே கருணை.