முப்பத்தெட்டு வயதில் தொழிலை மாற்றிய மேதை!
முற்றம் வைத்து வீடு கட்டிய ஜெஃப்ரி பாவா

திருவட்டாறு வட்டாரத்து மக்களுக்கு முற்றம் வைத்த வீடு புதிது அல்ல. நடுவில் வானம் தெரியும். சுற்றிலும் தாழ்வாரம். ஓட்டுக்கூரையில் விழும் மழை, முற்றத்தில் இறங்கும். அருகில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் இப்படி முற்றங்கள் உண்டு.

அந்த முற்றத்தை நவீன நகர வீட்டுக்குள் கொண்டு வந்து, உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் இருந்தார். அவர்தான் இலங்கையைச் சேர்ந்த ஜெஃப்ரி பாவா.

வக்கீல் மகன்

1919-ம் ஆண்டு கொழும்பு நகரில் பாவா பிறந்தார். தந்தை பெரிய வக்கீல். மகனும் இங்கிலாந்து சென்று சட்டம் படித்தார். பாரிஸ்டர் ஆனார்.

ஊர் திரும்பி வக்கீல் தொழிலில் இறங்கினார். ஆனால், மனம் அதில் ஒட்டவில்லை! தொழிலை விட்டுவிட்டு, நாடு நாடாகச் சுற்றினார்.

1948-ல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதன் பெயர் லுணுகங்கை. அதை அழகிய பூங்காவாக மாற்ற ஆசைப்பட்டார். ஆசை இருந்தது, தொழில் அறிவு இல்லை.

அதற்காக அவர் வெட்கப்படவில்லை. மீண்டும் லண்டன் சென்றார். தம்மைவிட இளையவர்களுடன் உட்கார்ந்து கட்டிடக் கலை படித்தார். 1957-ல் தேர்ச்சி பெற்றபோது அவருக்கு வயது 38!

ஏனாவின் வீடு

அப்போது, ஏனா டி சில்வா என்ற துணி ஓவியக் கலைஞர் கொழும்பில் ஒரு வீடு கட்ட விரும்பினார். பாவா அதற்கு வடிவம் கொடுத்தார். 1962-ல் வேலை முடிந்தது.

நடுவில் பெரிய முற்றம். சுற்றிலும் அறைகள். ஓட்டுக்கூரை, மரத் தூண்கள், திறந்த தாழ்வாரம். பழைய முறை, ஆனால் புதிய வீடு! இதைப் பார்த்துப் பலரும் முற்றம் வைத்துக் கட்டத் தொடங்கினார்கள்.

1970-களில் மதுரையில் ஒரு கிளப் கட்டிடத்தையும் பாவா அமைத்தார். பழைய கட்டிடங்களில் கிடைத்த கல்லையும் மரத்தையும் அதில் பயன்படுத்தினார். 1982-ல் திறக்கப்பட்ட இலங்கைப் பாராளுமன்றக் கட்டிடமும் அவர் அமைத்ததே.

2003-ம் ஆண்டு பாவா காலமானார்.

வீடு ஊர் மாறியது!

ஆண்டுகள் ஓடின. கொழும்பில் நிலத்தின் விலை ஏறியது. ஏனாவின் வீடு இருந்த மனை கைமாறியது. வீடு இடிபடும் நிலை!

பாவா அறக்கட்டளையினர் ஓடி வந்தார்கள். 2009-ல் வீட்டைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பகுதியையும் அளந்து வரைந்தார்கள். கதவு, ஜன்னல், தூண், கல் ஆகியவற்றுக்கு எண் போட்டார்கள். சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தன.

அங்கே, பழைய வரைபடத்தின்படியே மீண்டும் வீடு எழும்பியது. வேலை முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. 2016-ல் முடிந்தது. அதைப் பார்க்க ஏனா இல்லை. முந்தின ஆண்டே அவர் கண் மூடிவிட்டார்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலிலும் பல ஆண்டுகள் திருப்பணி நடந்தது. 418 ஆண்டுகளுக்குப் பின், 2022-ல் கும்பாபிஷேகம் நடைபெற்றது. கோவில் ஆனாலும், வீடு ஆனாலும் பழையதை இடிக்க ஒரு நாள் போதும். இருந்தபடியே மீட்க, பல ஆண்டுப் பொறுமை வேண்டும்.