சட்டசபைகளில் பாபாசாகேப் அம்பேத்கர்

பெருமக்களின் சரிதத்தை எழுதப் புகுவோர், அவர்தம் பிறப்பையும் கல்வியையும் பட்டங்களையும் விரித்துரைத்து, அவர்கள் வாழ்நாளெல்லாம் உழைத்த இடத்தைச் சில வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். போதிசத்துவர் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வரலாறும் இவ்வழக்கத்திற்குத் தப்பவில்லை. அரசியல் சட்டத்தை வகுத்தவர், நாகபுரியில் நமக்குத் திரிசரணம் காட்டியவர் என்னும் இரு சிறப்புகளின் ஒளியில், 1927 முதல் 1956 வரை சிற்சில இடைவெளிகளுடன் அவர் சட்டசபைகளில் ஆற்றிய பணி மங்கிக் கிடக்கிறது. எந்த மசோதாவை ஆதரித்தார், எதனை எதிர்த்தார், எக்கருத்தை மாற்றிக்கொண்டார், ஏன் மாற்றிக்கொண்டார் என்பவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோமாயின், அவர் அடிக்கடி நிலை மாறியவர் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் குற்றச்சாட்டுக்கு விடை கிடைக்கும். அவ்விடை செகந்திராபாத் வாழ் தமிழ்ப் பௌத்தர்களாகிய நமக்கு மிகவும் அணுக்கமானது. நம் ஊரின் பெயரே அவருடைய கடைசிக் காலத்து யோசனைகளுள் ஒன்றில் இடம் பெற்றிருக்கிறது.

தண்டில் பிறந்த குழந்தை

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்னும் இராணுவத் தண்டில், சுபேதார் இராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது மகவாகப் பிறந்தார் அம்பேத்கர். தந்தையார் பட்டாளப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். சென்னைப் பட்டாளங்களோடும் பின்னர் இரயில்வேயோடும் வந்து இத்தண்டில் குடியேறிய குடும்பங்களின் வழியில் வந்தோர்க்கு, பட்டாளம் ஒடுக்கப்பட்டோர் வீட்டுக்குள் எழுத்தறிவைக் கொண்டுவந்து சேர்த்த கதையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பம்பாய், நியூயார்க், லண்டன் ஆகிய இடங்களில் அவர் பெற்ற பட்டங்களை அனைவரும் அறிவர். நாம் அவரைச் சட்டசபையின் வாயிலில் சந்திப்போம்.

பம்பாய்ச் சட்டசபையில்

1926ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாய் கவர்னர் அவரைச் சட்டசபைக்கு நியமித்தார். 1927 பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசியதே அவரது முதற் பேச்சு. அடுத்த ஆண்டிலேயே அவர் மகர் வதன் முறையைத் திருத்த ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். கிராமத்தின் ஏவல் வேலைகளனைத்தையும் தலைமுறை தலைமுறையாகச் செய்வதற்கு ஈடாகச் சிறு நிலமும் சொற்பத் தானியமும் பெறும் ஏற்பாடே அவ்வதன். மானியம் என்ற பெயரால் ஒரு சமூகத்தையே கொத்தடிமையாக்கிய ஏற்பாடு அது. மசோதா நிறைவேறவில்லை, அவரே பின்னர் அதனை மீட்டுக்கொள்ள நேர்ந்தது. அவர் மறைந்த பின்னர், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே அம்முறை ஒழிந்தது. 1928இல் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குப் பேறுகால உதவி அளிக்கும் மசோதா வந்தபோது அவர் அதனை மனமுவந்து ஆதரித்தார்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவி, 1937 தேர்தலில் வென்று, இம்முறை மக்களின் பிரதிநிதியாகச் சபைக்குள் நுழைந்தார். கொங்கணத்தில் கோத்துகள் என்னும் இடைத்தரகர்கள் குடியானவரிடம் வாரம் பறித்த முறையை ஒழிக்க, அவ்வாண்டு செப்டம்பரிலேயே மசோதா கொண்டுவந்தார். அதுவும் உடனே பலிக்கவில்லை; 1949ஆம் ஆண்டுச் சட்டமே அம்முறையை நீக்கியது. 1938இல் காங்கிரஸ் மந்திரிசபை கொண்டுவந்த தொழில் தகராறு மசோதா, வேலைநிறுத்த உரிமைக்குத் தளையிட்டது. தன் உழைப்பை வழங்க மறுக்கும் உரிமை இல்லாதவன் அடிமையே என்பது அம்பேத்கரின் வாதம். சபையில் எதிர்த்ததோடு அமையாது, நவம்பர் 7ஆம் நாள் பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தத்தையும் தலைமை தாங்கி நடத்தினார். மசோதா பெரும்பான்மை பலத்தால் நிறைவேறியது.

இவற்றுள் பெரும்பாலானவை தோல்விகள். எண்ணிக்கையில் சிறியதொரு கட்சியின் தலைவர் சபையில் வேறென்ன எதிர்பார்க்க இயலும்? எனினும் அவர் தோற்ற மசோதாக்கள் காலம் தாழ்த்தேனும் பிறர் கையால் சட்டமாயின என்பதை நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

நிலை மாறினாரா?

இனிக் குற்றச்சாட்டுக்கு வருவோம். 1928இல் சைமன் கமிஷன் முன்பு அவர் வேண்டியது, வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை, கூட்டுத் தொகுதி, அதில் ஒதுக்கப்பட்ட இடங்கள் ஆகியவை. வட்டமேஜை மகாநாட்டில் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் பூனாவில் கையெழுத்திட்டு, 71 தனித் தொகுதி இடங்களை விடுத்துக் கூட்டுத் தொகுதியில் 148 இடங்களைப் பெற்றார். 1942க்குப் பின் மீண்டும் தனித் தொகுதி கோரினார். அரசியல் சட்டத்தில் கூட்டுத் தொகுதி ஒதுக்கீட்டுக்கு இசைந்தார். 1955இல் ஒற்றை உறுப்பினர் தொகுதிக்கு மாற்றாக, இரண்டு அல்லது மூன்று உறுப்பினர் கொண்ட தொகுதிகளையும், வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் ஒருவருக்கே குவித்தளிக்கும் முறையையும் முன்மொழிந்தார்.

மேலோட்டமாய்ப் பார்ப்போர்க்கு இது தடுமாற்றமாகத் தோன்றும். ஆயினும் 1928ஆம் ஆண்டு விண்ணப்பத்தையே ஊன்றிப் படித்தால், வயதுவந்தோர் வாக்குரிமை கிட்டாவிடில் தனித் தொகுதி வேண்டுமென்ற நிபந்தனை அதிலேயே இருப்பதைக் காணலாம். பலருடைய வாக்கினால் சிலருடைய பிரதிநிதியைப் பலரே தெரிந்தெடுத்துவிடும் அபாயத்தைத் தடுப்பது எப்படி? அவர் ஓயாது கேட்ட கேள்வி இது ஒன்றே. நோய் ஒன்றாயினும் நோயாளியின் நிலைக்கேற்ப மருந்தை மாற்றும் வைத்தியனை நாம் நிலையற்றவன் என்பதில்லை. பொறுப்புள்ளவன் தன் கருத்தை மறுபடி ஆராயும் துணிவு உடையவனாக இருத்தல் வேண்டும் என்று அவரே தம் நூலின் முகவுரையில் எழுதியுள்ளார். மாற்றத்தை அவர் மறைத்ததில்லை. காரணத்தையும் அச்சிட்டே வைத்தார்.

அரசாங்கத்தில் இருந்த காலம்

1942 ஜூலை முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகாவை வகித்தார். ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தாலேயாகும். இதே காலத்தில், யுத்த நெருக்கடியைக் காரணமாக்கி, நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் பெண்கள் வேலை செய்வதற்கிருந்த தடை 1943இல் தளர்த்தப்பட்டதையும், அதனைத் தற்காலிக ஏற்பாடென்று அவர் சபையில் தாங்கிப் பேசியதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1946இல் தடை மீண்டும் அமலுக்கு வந்தது. அரசாங்கத்தில் அமர்ந்தவர் அரசாங்கத்தின் சுமையையும் தூக்க நேரிடுகிறது. அவரது பணியைக் கணக்கிடுவோர் இதனையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைந்த வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் விதியும், வயதுவந்தோர் வாக்குரிமையை அளிக்கும் 326ஆம் விதியும், இருபதாண்டுகளுக்கு முன் அவர் தனித்து நின்று கேட்டவற்றை நாட்டின் சட்டமாக்கின. அதே 1947 நவம்பரில், ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவில் சேராது விலகி நின்றபோது, இங்குள்ள ஷெட்யூல்டு வகுப்பினர் நிஜாமின் பக்கம் சாய்தல் ஆகாது என்று வெளிப்படையாக அறிக்கை விடுத்தார். இந்து சமூகத்தின் கொடுமையை அவரினும் கடுமையாகக் கண்டித்தவர் யார்? எனினும் அக்கோபத்தை நாட்டின் ஒற்றுமைக்கு எதிரான ஆயுதமாக்க அவர் இடந்தரவில்லை.

சட்ட மந்திரியாக அவர் பெரிதும் உழைத்தது இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக. பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் அளிக்கவிருந்த அம்மசோதா, 1951 செப்டம்பரில் கைவிடப்பட்டது. அம்மாதம் 27ஆம் நாள் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். ஷெட்யூல்டு வகுப்பினர் புறக்கணிக்கப்படுதல், வெளிநாட்டுக் கொள்கை ஆகியவற்றையும் காரணங்களாக அவர் காட்டினார். பதவி கையில் இருக்கும்போது கொள்கைக்காக அதைத் துறப்பது எக்காலத்தும் அரிய செயல். 1955, 1956ஆம் ஆண்டுகளில் அம்மசோதாவின் பகுதிகள் தனித்தனிச் சட்டங்களாயின.

ஆந்திர மசோதாவும் நம் ஊரும்

1952 தேர்தலில் பம்பாயில் தோற்று, ராஜ்ய சபைக்குச் சென்றார். 1953 செப்டம்பர் 2ஆம் நாள் ஆந்திர ராஜ்ய மசோதா விவாதத்தில், மொழிவழி ராஜ்யத்தில் சிறுபான்மையோரைக் காக்கக் கவர்னருக்குத் தனி அதிகாரம் வேண்டும் என்று வாதாடினார். அரசியல் சட்டத்தைக் கொளுத்தவும் தாம் முன்வருவேன் என்ற அவருடைய கடுஞ்சொல் நாடெங்கும் பரபரப்பை உண்டாக்கியது அப்போதுதான். 1955 மார்ச்சில் அதே சபையில் அச்சொல்லுக்கு விளக்கமும் தந்தார். சட்டத்தைத் தம் வசமாக்கிக்கொண்டவர்கள் மீது எழுந்த சினமே அது என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

1955 டிசம்பரில் மொழிவழி ராஜ்யங்களைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. ஒரு ராஜ்யத்துக்கு ஒரு மொழி என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஒரு மொழிக்கு ஒரே ராஜ்யந்தான் என்பதை மறுத்தார். பெரிய மொழிவழி ராஜ்யத்தில் நிலமும் வாணிகமும் பதவியும் ஓரிரு பெருஞ் சாதிகளின் கையில் திரளும். கிராமந்தோறும் சிதறிக் கிடக்கும் சிறு சாதியார் அவர்களின் தயவில் வாழ நேரும் என்பது அவரது அச்சம். ஆதலின் உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும், பீகாரையும் மத்தியப் பிரதேசத்தையும் இவ்விரண்டாகவும் பிரிக்கச் சொன்னார். 2000ஆம் ஆண்டில் உத்தரகண்டமும் ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் பிறந்தபோது, எல்லைகள் வேறாயினும் அவர் காட்டிய வழியில் நாடு ஓரளவு நடந்தது எனலாம்.

வடக்கு ஒன்றாய்த் திரண்டு தெற்கு துண்டுபடுவது ஒற்றுமைக்கு ஊறு என்பதையும் அந்நூலில் எச்சரித்தார். அதற்குப் பரிகாரமாக அவர் சொன்னவற்றுள் ஒன்று, ஹைதராபாத், செகந்திராபாத், பொலாரம் ஆகிய மூன்றையும் மத்திய ஆட்சிக்குட்பட்ட தனி மாகாணமாக்கி இந்தியாவின் இரண்டாவது தலைநகராக்குவதாகும். மொகலாயருக்கு டில்லியோடு ஸ்ரீநகரும், வெள்ளையருக்குக் கல்கத்தாவோடு சிம்லாவும் இருந்தமையை எடுத்துக் காட்டினார். டில்லியின் கோடையும் குளிரும் தென்னாட்டாரை வருத்துவதையும், அண்டை நாடுகளின் விமானக் குண்டுக்கு அது எட்டும் தூரத்தில் இருப்பதையும் கூறினார். டில்லியிலிருந்து சென்னை 1198 மைல், ஹைதராபாத்திலிருந்து 330 மைல் என்று தூரக் கணக்கும் தந்தார். இங்கே மாளிகைகள் பல உள, பார்லிமெண்டுக் கட்டிடம் ஒன்றே குறை என்றார்.

அந்த யோசனை ஏற்கப்படவில்லை. இந்நகரைத் தம் தலைநகராகக் கொள்ளத் தெலுங்கு மக்களுக்கிருந்த விருப்பமும் நியாயமானதே. 1956 நவம்பர் 1ஆம் நாள் இது ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகராயிற்று. 2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா தனி ராஜ்யமானது. பத்தாண்டுகள் இரு ராஜ்யங்களுக்கும் பொதுத் தலைநகராயிருந்து, 2024 முதல் இந்நகர் தெலங்கானாவுக்கே உரியதாயிற்று. பொலாரத்தில் ஜனாதிபதி வந்து தங்கும் ராஷ்டிரபதி நிலயம் ஒன்றே அப்பழைய எண்ணத்தின் சாயலாக நிற்கிறது.

நாம் கொள்ள வேண்டியது

தெலுங்கு ராஜ்யத்தில் தமிழராய், இந்து சமுத்திரத்தில் பௌத்தராய், இரு வகையாலும் சிறுபான்மையினராய் வாழ்கிறோம் நாம். பெரும்பான்மையின் நற்குணத்தை நம்பியிராது சட்டத்தின் எழுத்தில் காப்பைத் தேடுக என்பதே அம்பேத்கரின் முப்பதாண்டுச் சட்டசபைப் பணி நமக்குணர்த்தும் பாடம். அப்பாடத்தின் விலையையும் நாம் அறிந்தவர்களே. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை ஷெட்யூல்டு வகுப்பினர் என்ற தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியிருந்தது. அந்நிலையில் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம்மத்தைத் தழுவியோர் அத்தகுதியை இழக்கத் துணிந்தே தழுவினர். பௌத்தர்க்கு அது மீண்டும் கிடைத்தது 1990இல். இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளைப் பொறுத்திருந்தவர்கள் நம் பெற்றோரும் பாட்டன்மாருமே.

1956 டிசம்பர் 6ஆம் நாள், ராஜ்ய சபை உறுப்பினராக இருக்கும்போதே, டில்லியில் அவர் மறைந்தார். காலாமர்க்குப் பகவான் அருளிய உபதேசம், எதனையும் சொன்னவர் பெருமைக்காக ஏற்காது ஆராய்ந்தே ஏற்க என்பதாகும். அம்பேத்கரின் நிலைகளையும் அவ்வாறே ஆராய்தல் நம் கடன். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருவோரையும் அதே தராசில் நிறுத்தல் வேண்டும். சபையில் எதற்குக் கை தூக்கினீர், எதனை எதிர்த்தீர், நிலை மாறியிருப்பின் அதன் காரணத்தை எங்கே சொன்னீர் என்று அவர்களைக் கேட்போமாக.