ஒளியை மருந்தாக்கத் துணிந்த ரஞ்சி

புதுதில்லி: திருவனந்தபுரத்தில் ரஞ்சி கோப்பை கிரிக்கெட் ஆட்டங்களைக் காணும் ரசிகர்களுக்கு அக் கோப்பையின் பெயர் புதியதல்ல. 2025-ம் ஆண்டு கேரள அணி முதன்முறையாக இறுதி ஆட்டத்தை எட்டியபோது அப் பெயர் அங்கு மேலும் நெருக்கமானது.

ஆனால், அப் பெயருக்கு உரியவர் சரும நோய்களுக்கு ஒளிச் சிகிச்சை அளிக்கும் நிலையத்தை இந்தியாவில் நிறுவியவர் என்பதைப் பலர் அறியார்.

ஆட்டக்காரர், அரசர்: கத்தியவார் பகுதியிலுள்ள சரோதர் கிராமத்தில் 1872 செப்டம்பர் 10-ம் தேதி பிறந்தவர் ரஞ்சித்சிங். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், 1896-ல் மான்செஸ்டரில் இங்கிலாந்து அணிக்காகத் தமது முதல் டெஸ்டில் ஆடி, இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 154 ரன்கள் குவித்தார்.

1907-ல் நவநகர் சமஸ்தானத்தின் அரியணை ஏறினார். 1915-ல் இங்கிலாந்தில் வேட்டையின்போது நேரிட்ட விபத்தில் வலது கண்ணை இழந்தார். பின்னர் சர்வதேச சங்கத்தில் இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராகவும், தில்லியில் மன்னர்கள் அவையின் தலைவராகவும் பணியாற்றினார். அந்த அவை கூடிய மண்டபம் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் உள்ளது.

சுழலும் கோபுரம்: சருமக் காசநோயை ஒளியால் குணப்படுத்தலாம் எனக் காட்டிய டென்மார்க் மருத்துவர் பின்சென், 1903-ல் நோபல் பரிசு பெற்றார். அவ்வழியில் பிரான்ஸில் பணியாற்றிய மருத்துவர் ழான் சைத்மான், சூரியனைப் பின்தொடர்ந்து மெல்லச் சுழலும் சிகிச்சைக் கூடத்தை 1930-ல் அந் நாட்டில் அமைத்தார்.

அதே அமைப்பைத் தமது தலைநகரான ஜாம்நகருக்குக் கொண்டுவந்தார் ரஞ்சி. 1933-ல் நிறுவப்பட்ட அக் கோபுரத்தின் உச்சியில் சிகிச்சை அறைகள் இருந்தன. நாள் முழுவதும் சூரிய ஒளி நோயாளி மீது உரிய கோணத்தில் விழவேண்டும் என்பதே அச் சுழற்சியின் நோக்கம். சரும நோய்களோடு வாத நோய்களுக்கும் அங்கு சிகிச்சை அளிக்கப்பட்டது.

ஆடம்பரச் செலவுக்காக ரஞ்சி குறை கூறப்பட்டதுண்டு. எனினும் இச் செலவு நோயாளிகளுக்காகச் செய்யப்பட்டது. அதன் முழுப் பலனைக் காண அவர் இல்லை. 1933 ஏப்ரல் 2-ம் தேதி ஜாம்நகரில் காலமானார். அடுத்த ஆண்டு அவர் பெயரில் கோப்பைப் போட்டி தொடங்கியது.

நிலைத்த கருத்து: காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் வந்தபின் சூரிய ஒளிச் சிகிச்சையின் செல்வாக்கு சரிந்தது. ஜாம்நகர் கோபுரமும் சுழல்வதை நிறுத்தியது. ஆனால், எந்த ஒளி, எந்த அளவு, எவ்வளவு நேரம் என்று வரையறுத்து அளிக்கும் முறை நிலைத்துவிட்டது.

சொரியாசிஸ், வெண்புள்ளி ஆகியவற்றுக்கு இன்று 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பயன்படுகிறது. முகப்பருவுக்குக் காரணமான கிருமிகளை அழிக்க, சுமார் 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி உதவுகிறது. இது புற ஊதாக் கதிர் அல்ல.

அளவு மீறிய புற ஊதாக் கதிர் சருமத்தை முதுமையடையச் செய்வதோடு புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். எனவே, பொலிவு தேடி ஒளிக்கருவியை நாடுவோர் முதலில் தோல் மருத்துவரை அணுகுவதே நல்லது. ஒளியையும் மருந்தைப் போலவே அளந்து கொடுக்க வேண்டும் என்பதை, ஜாம்நகர் கோபுரம் அன்றே உணர்த்தியது.