சங்கரலிங்கனார்: உண்ணாமல் உயிர்விட்டவரின் கடைசி விருப்பமும் சட்டமும்

தமிழ்நாடு என்ற பெயருக்காகப் பட்டினி கிடந்து உயிரை விட்டவர் தியாகி சங்கரலிங்கனார். இவ்வளவு பலருக்கும் தெரியும். ஆனால் 1956-ல் விருதுநகரில் நடந்த அந்தப் போராட்டத்துக்குள் இன்றைக்கும் தீராத இன்னொரு கேள்வி இருக்கிறது. தன் உயிரைப் பற்றியும், இறந்தபின் தன் உடலைப் பற்றியும் ஒருவர் தெளிந்த மனதோடு எடுத்த முடிவைச் சட்டம் எவ்வளவு தூரம் மதிக்கும்? அவர் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

யார் இந்த சங்கரலிங்கனார்?

1895-ல் விருதுநகர் வட்டாரத்தில் உள்ள மண்மலைமேடு கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே காங்கிரஸில் சேர்ந்தார். காந்தி சொன்னதைப் பேச்சோடு விடாமல் கடைசிவரை கடைப்பிடித்த தொண்டர்களில் ஒருவர். கதர் உடுத்தினார், எளிமையாக வாழ்ந்தார். தன் வீட்டையும் 4,000 ரூபாய் சேமிப்பையும் விருதுநகரில் ஒரு பள்ளிக்கு எழுதி வைத்தார். அந்தப் பணத்தின் வட்டியில் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா கொடுக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பிள்ளைகள் பசியோடு உட்காரக் கூடாது என்று நினைத்த அதே மனிதர்தான் சில ஆண்டுகளில் தானாகப் பசியைத் தேர்ந்தெடுத்தார்.

எதற்காக உண்ணாவிரதம்?

1956 ஜூலை 27-ல் தொடங்கினார். 12 கோரிக்கைகள். மொழிவாரி மாநிலம் வேண்டும், சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. ரயிலில் எல்லோருக்கும் ஒரே வகுப்பு, நாடு முழுக்க மதுவிலக்கு, அரசு ஊழியர்களுக்குக் கதர் என்று மற்றவையும் இருந்தன. பட்டியலைப் பார்த்தாலே அது ஒரு பழைய காந்தியவாதியின் பட்டியல் என்று புரிந்துவிடும்.

இந்த வழி அப்போது புதிதும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1952 டிசம்பர் 15-ல், பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 58 நாள் உண்ணாவிரதத்துக்குப் பிறகு இறந்தார். அடுத்த சில நாள்களிலேயே ஆந்திர மாநிலம் அமையும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். அப்படி ஒரு அறிவிப்பு சங்கரலிங்கனாருக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அப்போதைய முதல்வர் காமராஜர் அதே விருதுநகர்க்காரர், அவரும் காங்கிரஸ்காரர்.

விருதுநகர் தேசபந்து மைதானத்தில் உடல் மெலிந்து கிடந்தவரை அண்ணா உட்படப் பல தலைவர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். உண்ணாவிரதத்தைக் கைவிடும்படி கேட்டார்கள். அவர் அசையவில்லை. நிலைமை மோசமாகி, மதுரை எர்ஸ்கின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனைதான் அது. 1956 அக்டோபர் 13-ல் அங்கே உயிர் பிரிந்தது. 76 நாள் உண்ணாவிரதம் என்றே அது இன்றுவரை நினைவுகூரப்படுகிறது.

அன்று சட்டம் என்ன சொன்னது?

அப்போது நடைமுறையில் இருந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதன் 309-வது பிரிவின்படி தற்கொலை முயற்சி குற்றம். ஓராண்டு வரை சிறை. சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பவர்கள்மீது போலீஸ் வழக்கமாகப் போடும் பிரிவும் இதுதான். மணிப்பூரின் இரோம் ஷர்மிளா இதற்குப் பெரிய உதாரணம். 2000-லிருந்து 2016 வரை இந்தப் பிரிவில் திரும்பத் திரும்பக் காவலில் வைக்கப்பட்டார். மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு ஏற்றினார்கள்.

மருத்துவ அறம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. தெளிந்த மனதோடு உண்ணாவிரதம் இருப்பவருக்கு வலுக்கட்டாயமாக உணவு ஏற்றக் கூடாது என்பது உலக மருத்துவர் சங்கத்தின் 1991-ம் ஆண்டு மால்டா பிரகடனத்தின் சாரம்.

இன்று அதே உண்ணாவிரதம் நடந்தால்?

2024 ஜூலை 1 முதல் பழைய 309-வது பிரிவு இல்லை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் பொதுவாகத் தற்கொலை முயற்சி குற்றமில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு. அரசு ஊழியரை ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கவோ, நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயன்றால் 226-வது பிரிவு பாயும். ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. மன அழுத்தத்தில் முயன்றவரைச் சட்டம் இப்போது நோயாளியாகப் பார்க்கிறது. அரசிடம் கோரிக்கை வைத்து முயன்றவரைத்தான் குற்றவாளியாகப் பார்க்கிறது. சங்கரலிங்கனார் இரண்டாவது வரிசை.

வெறுமனே உண்ணாவிரதம் உட்கார்ந்தாலே தற்கொலை முயற்சி ஆகிவிடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 309-வது பிரிவு வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. ஆனால் சாகும்வரை என்று அறிவித்துவிட்டு 70 நாளைத் தாண்டியவருக்கு அந்த நிழல் எவ்வளவு தூரம் கிடைக்கும் என்பது கேள்விதான்.

சிகிச்சையை மறுக்கலாமா?

இங்கேதான் சட்டம் வெகுதூரம் நகர்ந்திருக்கிறது. மருந்து ஏற்றிச் சாகடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றம். ஆனால் மீளவே முடியாத நிலையில் இருப்பவருக்குக் கருவிகளை விலக்கி, இயற்கையாக இறக்க விடலாம் என்று அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று 2018-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. லிவிங் வில் எனப்படும் முன்கூட்டிய விருப்ப ஆவணமும் அப்போதுதான் செல்லுபடியானது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிமையாக்கப்பட்டது.

உதாரணத்துக்கு, விருதுநகரை அடுத்த மல்லாங்கிணறில் ஒருவர் இதை எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 வயது நிரம்பி, மனத்தெளிவோடு இருந்தால் போதும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்து, பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று. தன்னால் பேச முடியாமல் போனால் யார் முடிவு சொல்வது என்று குறைந்தது இரண்டு பேரின் பெயர். ஒரு பிரதி உள்ளாட்சி அமைப்புக்கு, அதாவது பேரூராட்சிக்குப் போக வேண்டும். நாளை அந்த நிலை வந்தால் மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? இதே தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் இருந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் முடிவை வீட்டார் எடுத்துக்கொள்வது. சட்டப்படி அது கொலை. அடுத்தவர் முடிவு நோயாளியின் முடிவாக வேடம் போட்டு வந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் சாட்சி, நோட்டரி, மருத்துவக் குழு எல்லாம்.

உடல் யாருக்கு?

சங்கரலிங்கனார் தன் உடலைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் போனார். வாழ்நாளெல்லாம் காங்கிரஸில் இருந்தவர், தன் உடலைக் கம்யூனிஸ்ட் கட்சியினரிடம் கொடுக்கச் சொன்னார். அப்படியே கே.டி.கே. தங்கமணியும் கே.பி. ஜானகியம்மாளும் பெற்றுக்கொண்டார்கள். மதுரை தத்தனேரியில் தகனம் நடந்தது.

இப்படி நிறைவேறுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சொத்துக்கு எழுதும் உயில் கட்டுப்படுத்துவதைப் போல, உடலைப் பற்றி எழுதி வைத்தது உறவினரைக் கட்டுப்படுத்தாது. உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருந்தாலும் நெருங்கிய உறவினர் மறுத்தால் நடைமுறையில் நடக்காது. ஆகவே எழுதி வைப்பது பாதி வேலை. வீட்டில் உட்கார்ந்து பேசி வைப்பது மீதிப் பாதி.

பிறகு என்ன ஆனது?

அவர் இறந்த மூன்றாவது வாரம், 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் வந்தது. பெயர் மட்டும் சென்னை மாநிலமாகவே நின்றது. 1967 ஜூலை 18-ல் முதல்வர் அண்ணா சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் கொண்டுவந்தார். 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு அதிகாரபூர்வப் பெயரானது. விருதுநகரில் சங்கரலிங்கனாருக்கு அரசே மணிமண்டபமும் கட்டியது.

அதே அரசமைப்பின் இன்றைய சட்டத்தில், நோயில் கிடப்பவர் உணவுக் குழாய் வேண்டாம் என்று எழுதி வைத்தால் அது உரிமை. கோரிக்கையோடு சாகும்வரை உண்ண மறுத்தால் அது குற்றமாகலாம். இரண்டிலும் மறுப்பவர் ஒரே மனிதர், மறுப்பதும் ஒரே உணவு. யாரைப் பார்த்து மறுக்கிறார் என்பது மட்டும்தான் வேறு.