கம்பத்திளையனாரும் அருணகிரியாரும்

திருவண்ணாமலைத் திருக்கோயில் என்றதும் நம்மனோர் உள்ளத்தில் முதலில் எழுவது, பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரமே. அவ்வாயிலைக் கடந்து உட்புகுவோர் பலரும் அருணாசலேசுவரரின் கருவறையை நாடி விரைவர். ஆயிரக்கால் மண்டபத்துக்கு அணித்தாக ஒரு சிறு முருகன் சந்நிதி இருத்தலை நின்று நோக்குவோர் சிலரே. கம்பத்திளையனார் சந்நிதி என்பது அதன் பெயர். கம்பம் என்பது தூண். இளையனார் என்பது சிவபெருமானின் இளைய மைந்தனாகிய முருகன். சந்தத் தமிழின் தனிப்பெரும் புலவராகிய அருணகிரிநாதரின் வரலாற்றைச் சொல்லப் புகும் நான், அவருடைய பிறப்பிலிருந்து தொடங்காது இச்சந்நிதியிலிருந்தே தொடங்குகின்றேன். அவர் வாழ்ந்த காலத்தை நமக்குக் காட்டும் விளக்கு இவ்விடத்திலேதான் ஏற்றப்பட்டுள்ளது.

விசயநகரத்தை 1446ஆம் ஆண்டு வரை ஆண்ட இரண்டாம் தேவராயனுக்குப் பிரபுடதேவராயன் என்ற பெயரும் உண்டு. அவன் அவையிலே சம்பந்தாண்டான் என்னும் தேவி உபாசகன் செல்வாக்குப் பெற்றிருந்தான் என்றும், தான் வழிபடும் தேவியை யாவரும் காணத் தோன்றச் செய்வதாக அவன் சூளுரைத்துத் தோற்றான் என்றும் கூறுவர். அவ்வேளை அருணகிரியார் ஆடும் மயிலை விளித்துப் பாட, முருகன் மன்னன் முன்னே தூணில் வெளிப்பட்டான் என்பது தலவரலாறு. தூணில் தோன்றிய காட்சி நம்பிக்கையின்பாற்பட்டது. ஆனால், அந்நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் திருப்புகழ்ப் பாடலில் பிரபுடதேவராயனின் பெயர் இருப்பது கண்கூடு. புலவரை 15ஆம் நூற்றாண்டினர் என ஆராய்ச்சியாளர் துணிவதற்கு இதுவே தலையாய சான்றாயிற்று. பக்தர் தேடியது முருகனை. வரலாற்றாசிரியர் கண்டெடுத்தது மன்னன் பெயரை. இரண்டையும் ஒரு தூண் தாங்கி நிற்கின்றது.

இனி, அவருடைய இளமையைப் பற்றி வழங்கும் கதையை யாவரும் அறிவர். பரத்தையர்பால் பொருளையெல்லாம் இழந்தார், கொடுநோயுற்றார், தமக்கையாரின் ஒரு சொல்லால் நெஞ்சு சுடப்பட்டுக் கோபுரத்தின் மேலேறி வீழ்ந்தார், முருகன் அவரைத் தாங்கி, பாடும் பணியும் முதற்சொல்லும் அருளினான். இதற்குச் சான்றாக வல்லாள கோபுரத்தின் அருகே கோபுரத்திளையனார் என்னும் மற்றொரு சிறு சந்நிதியும் உண்டு. அவர் வீழ்ந்தது வானளாவும் இராசகோபுரத்திலிருந்தே எனச் சிலர் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. இராசகோபுரப் பணியைத் தொடக்கியவன் 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயன். முடித்தவன் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கன். அருணகிரியார் காலத்தில் அக்கோபுரம் இல்லை.

இக்கதை உண்மையா என மாணவர் வினவுவதுண்டு. நான் அறிந்தவரை, கதைக்கு வேராக நிற்பன அவருடைய பாடல்களே. பொதுமகளிர் மயக்கிலே வீழ்ந்து கெட்டவன் நான் என்று அவர் எண்ணிறந்த இடங்களில் தம்மை நொந்து பாடுகின்றார். அந்த ‘நான்’ அருணகிரி என்னும் ஒருவரை மட்டுமே குறிக்கும் எனக் கொண்டவர்கள் அதனை வாழ்க்கை வரலாறாக விரித்தனர். ஆனால், திருத்தணிகைப் பாடலொன்றில் அவர் பலவகை நோய்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இவை அணுகாவண்ணம் காக்குமாறு வேண்டுகின்றார். சொன்ன நோயெல்லாம் பாடியவருக்கே வந்தன எனக் கொள்வோர் யாருமிலர். நோய்களை உலகத்தார் பொருட்டுச் சொன்னவர், குற்றங்களையும் உலகத்தார் பொருட்டுத் தம் தலைமேல் ஏற்றுச் சொல்லியிருக்கலாமன்றோ? பிறர் பிழையைச் சுட்டி அறிவுரை பகர்தல் எளிது. அப்பிழையைத் தன்னுடையதாக்கி இறைவன் முன் நாணி நிற்றல் அரிது. அருணகிரியார் தெரிந்தது அரிய வழி. அதற்குக் கூலியாக அவர் பெற்றது, ஐந்நூறு ஆண்டுகளாகச் சுமக்கும் பழி.

அவர் இருநூற்றுக்கு மேற்பட்ட தலங்களைப் பாடினார். வயலூர் அவருடைய நெஞ்சுக்கு மிக நெருங்கிய தலம். நம் ஈழத்துக் கதிர்காமமும் திருகோணமலையும் யாழ்ப்பாணமும் திருப்புகழ் பெற்ற பதிகள். முருகனைப் பாடும்போதே அவனைத் திருமாலின் மருகனென அழைத்து, இராம காதையையும் கண்ணன் விளையாடல்களையும் இடையிடையே வைத்தார். சமயப் பூசல் மலிந்த காலத்தில் இப்பண்பு எளிதன்று. வில்லிபுத்தூராரோடு நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் வாதத்தையும் நினைக்க வேண்டும். தோற்ற புலவரின் காதை அறுப்பது வில்லியார் வழக்கம் என்பர். கந்தரந்தாதியின் 54ஆம் செய்யுள் தகர வருக்க எழுத்துக்களாலேயே ஆனது. அதற்கு உரைகாண மாட்டாது வில்லியார் திகைத்தார். வென்ற அருணகிரியார் அவர் காதை அறுக்கவில்லை. அக்கொடிய வழக்கத்தையே விடச் செய்தார்.

மன்னனுக்காகப் பாரிசாத மலர் கொணரக் கிளியுடலில் புகுந்து சென்றார் என்பதும், சம்பந்தாண்டான் அவர் உடலை எரித்துவிட்டான் என்பதும், கிளியாகவே இருந்து கந்தரனுபூதி பாடினார் என்பதும் இறுதிக் கதை. கோயிலின் கிளிக்கோபுரம் அதன் நினைவாய் நிற்கின்றது. ஆகவே, கிழக்கு வாயில் வழியாக உட்செல்பவர் முதலில் அவருடைய வெற்றியையும், அடுத்து வீழ்ச்சியையும், முடிவில் விடுதலையையும் கல்லிலே காண்கின்றார்.

கல் காத்ததை ஏடு காக்கவில்லை. அவர் பாடியன பதினாறாயிரம் என்பது மரபு. இன்று கிடைப்பன ஏறத்தாழ 1,300. அவையும் நம் கைக்கு வந்தது ஒரு நீதிமன்ற வழக்கின் பயனாகும். தில்லைத் தீட்சிதர்கள் தம் உரிமைக்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாடலொன்றை எடுத்துக்காட்டினர். 1871இல் அதனை அறிந்து உருகிய வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி, பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். அவர் 1909இல் மறைந்தபின், மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளை அப்பணியை ஏற்று உரை வகுத்து, அருணகிரியாரின் வரலாற்றையும் நூல்களையும் ஆராய்ந்து 1947இல் நூல் வெளியிட்டார். தந்தையும் மகனும் இல்லையெனில், எஞ்சியவற்றிலும் பெரும்பகுதி செல்லுக்கு இரையாகியிருக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. அருணகிரியாரின் கதையை மாணவருக்குக் கூறுங்கள், தடையில்லை. ஆனால் கதையோடு நின்றுவிடாது ஒரு பாடலையேனும் சந்தம் பிறழாமல் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். தாளம் தவறினால் பொருளும் தவறும் வண்ணம் சொற்களை அடுக்கியவர், தம் வாழ்க்கையைத் தாளம் தவறவிட்டவராகவே நினைக்கப்படுவது நீதியன்று. அண்ணாமலைக்கு யாத்திரை செல்லும் நம்மவர் இராசகோபுரத்தை அண்ணாந்து நோக்கியபின், அச்சிறு சந்நிதியின் முன்னும் சற்றே நிற்பாராக. கோபுரம் எழுமுன்பே அவ்வூரில் தமிழ் உயர்ந்து நின்றது.