இளைஞரை நம்பிய பேடன் பவல்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர் நம் முன்னோர். ஆயினும், பிள்ளைகளை அடக்கி வளர்ப்பதா, அவர்கள் கையில் பொறுப்பைக் கொடுத்து வளர்ப்பதா என்பது பெரியோரிடையே என்றும் எழும் வினாவாகும். இவ்வினாவுக்குத் தம் பிற்கால வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் சாரண இயக்கத்தின் தந்தையாகிய பேடன் பவல் பிரபு ஆவார்.

இவர் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். மூன்று வயதிலேயே தந்தையை இழந்த இவரை அன்னையார் ஹென்ரியட்டாவே வளர்த்து ஆளாக்கினார். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் பயின்றபோது, பள்ளியை ஒட்டிய காடே இவருக்கு இரண்டாம் வகுப்பறையாயிற்று. விலங்குகளின் தடம் அறிதல், ஆசிரியர் கண்ணில் படாமல் மறைந்திருத்தல், புகை எழாமல் தீ மூட்டிச் சமைத்தல் ஆகியவற்றை அங்குத் தாமே கற்றார்.

1876இல் இராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்குச் சென்றார். பின்னர் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றினார். தென்னாப்பிரிக்கப் போரில் மாஃபெகிங் நகரம் 1899 அக்டோபர் முதல் 1900 மே வரை 217 நாள்கள் முற்றுகையிடப்பட்டபோது, அதனைக் காத்து நின்ற தளபதி இவரே. வீரர் போதாத அந்நகரில் இவருக்குக் கீழிருந்த அதிகாரி ஒருவர் சிறுவர்களைத் திரட்டிப் பயிற்சி அளித்தார். செய்தி கொண்டு செல்லுதல், காவல் பார்த்தல் முதலிய பணிகளை அச்சிறுவர்கள் திறம்பட ஆற்றினர். பொறுப்பைக் கொடுத்தால் சிறுவரும் பெரியவராக நடப்பர் என்னும் உண்மை தளபதியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அம்முற்றுகையின்போது உணவுப் பங்கீட்டில் ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களே மிகுந்த பட்டினிக்கு ஆளாயினர் என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவர். அவர்தம் புகழைப் பேசுவோர் இதனையும் மறைத்தல் ஆகாது.

போர் முடிந்து தாயகம் திரும்பியவருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. வேவுப் பணி குறித்துப் படைவீரருக்காக அவர் எழுதிய சிறு நூலை, பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் அமைப்பினரும் விரும்பிப் பயன்படுத்தி வந்தனர். 1883இல் கிளாஸ்கோவில் சிறுவர் படையணியைத் தோற்றுவித்த வில்லியம் ஸ்மித், அந்நூலைச் சிறுவர்களுக்கேற்பத் திருத்தி எழுதுமாறு கேட்டுக் கொண்டார்.

எழுதுவதற்கு முன் செய்து பார்க்க விரும்பினார் பேடன் பவல். 1907 ஆகஸ்டு முதல் வாரத்தில், பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுடன் பாசறை அமைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்துண்டனர். வகுப்பு வேற்றுமை வேரூன்றியிருந்த அக்கால இங்கிலாந்தில் இது எளிய செயலன்று. சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருவனே தலைவன். அணியின் ஒழுங்குக்கு அவனே பொறுப்பாளி. பெரியவர்கள் வழிகாட்டினர், ஆனால் அவன் இடத்தைப் பறித்துக் கொள்ளவில்லை. சாரண இயக்கத்தின் உயிர்நாடி இந்த அணி முறையே ஆகும்.

1908 சனவரி முதல் அவருடைய நூல் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. அதைப் படித்த சிறுவர்கள் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் தாமே குழுக்களை அமைத்தனர். 1909இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் 10,000க்கும் மேற்பட்ட சாரணர் கூடியபோது, சிறுமியர் சிலரும் வந்து தமக்கும் இடம் கேட்டனர். அடுத்த ஆண்டே தம் தமக்கை... அல்ல, தங்கை ஆக்னஸின் துணையுடன் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கினார். அதே 1910இல் இராணுவப் பதவியைத் துறந்து இளைஞர் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். 1912இல் அவரை மணந்த ஒலாவ் அம்மையார், பின்னாளில் உலகச் சாரணியரின் தலைவியாக விளங்கினார்.

சிங்கப்பூரில் 1910ஆம் ஆண்டிலேயே சாரணியம் வேரூன்றியது. பிராங்க் கூப்பர் சேண்ட்ஸ் என்பார் இங்கும் மலாயாவிலும் அதனை வளர்த்தார். இந்தியாவிலோ தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அக்குறையைப் போக்க அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் கண்டார். 1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது அச்சங்கம் அவரது இயக்கத்துடன் இணைந்தது.

1920இல் இலண்டனில் நடந்த முதல் உலகப் பெருவிழாவில், கூடியிருந்த சாரணர்கள் அவரை உலகின் தலைமைச் சாரணர் என முழங்கினர். முதுமையில் கென்யாவின் நியேரியில் வாழ்ந்து, 1941 சனவரி 8ஆம் நாள் மறைந்தார். அவரது கல்லறையில் வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி பொறிக்கப்பட்டுள்ளது. வீடு திரும்பியாயிற்று என்பதே சாரணர் வழக்கில் அதன் பொருள்.

நம் சங்கங்களிலும் மன்றங்களிலும் நாற்காலி அடுக்கவும் பந்தல் கட்டவும் இளைஞர்களை அழைக்கிறோம். முடிவெடுக்கும் இடத்திலும் அவர்களை அமர்த்தினால்தான் நாளைய தலைவர்கள் உருவாவர். வழிகாட்டிவிட்டுச் சற்று விலகி நிற்கும் பெருந்தன்மையை, பேடன் பவலின் வாழ்விலிருந்து பெரியோராகிய நாம் கற்றுக் கொள்வோமாக.