அணுசக்தி ரகசியத்தை அவையில் எதிர்த்த மேகநாத் சாஹா

புது தில்லி: குடியரசுத் தலைவர் மாளிகை வளாகத்தில் இயங்கிவந்த திட்டக் குழு அலுவலகத்துக்கு 1956 பிப்ரவரி 16-ம் தேதி சென்றுகொண்டிருந்த மக்களவை உறுப்பினர் ஒருவர், வழியிலேயே மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 62. கட்சி எதையும் சாராத அந்த உறுப்பினர், பிளாஸ்மா இயற்பியலுக்கு அடித்தளமிட்ட சமன்பாடு ஒன்றை உலகுக்கு அளித்த மேகநாத் சாஹா.

தற்போது வங்கதேசத்தில் உள்ள டாக்கா அருகே சியோரதாலி கிராமத்தில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893 அக்டோபர் 6-ம் தேதி பிறந்தவர் சாஹா. வங்கப் பிரிவினைக் காலத்தில், ஆங்கிலேய ஆளுநரின் வருகையை மாணவர்கள் புறக்கணித்தபோது அவரும் அதில் சேர்ந்தார். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதுடன் கல்வி உதவித்தொகையையும் இழந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தபோது, தாழ்ந்த சாதியினராகக் கருதப்பட்டதால் விடுதியில் தனித்து உண்ண நேர்ந்தது. புரட்சியாளர்களுடன் தொடர்பு இருந்ததாகக் கூறி, நிதித்துறைப் பணிக்கான தேர்வு எழுதவும் அரசு அனுமதி மறுத்தது. அரசுப் பணி இழந்த திறமை, அறிவியலுக்குக் கிடைத்தது.

1920-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையே அவருக்கு உலகப் புகழைத் தந்தது. சூரியனின் மேல் வளிமண்டலத்தில், எலெக்ட்ரானை இழந்த கால்சியம் அணுக்களின் அடையாளம் ஓங்கித் தெரிவது ஏன் என்பது அன்று விஞ்ஞானிகளுக்குப் புதிராக இருந்தது. வெப்பம் மட்டுமல்ல, அழுத்தமும் காரணம் என்று சாஹா காட்டினார். அழுத்தம் குறைந்த இடத்தில், பிரிந்த எலெக்ட்ரான் மீண்டும் அணுவைச் சேரும் வாய்ப்பு குறைகிறது. எனவே, அங்கு அயனிகள் பெருகுகின்றன. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எவ்வளவு பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாடு அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. விண்மீன்களின் நிறமாலையைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய அது வழிவகுத்தது. 1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை.

அரசியல் களம்: ஆய்வகத்துடன் நின்றுவிடுபவராக சாஹா இருக்கவில்லை. 1938-ல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ், தேசிய திட்டக் குழு அமைத்ததில் சாஹாவுக்குப் பெரும் பங்கு உண்டு. நேரு தலைமையிலான அந்தக் குழுவில் அவரும் இடம்பெற்றார். ஆனால், சுதந்திரத்துக்குப் பின் நேருவுடன் அவருக்கு விலகல் ஏற்பட்டது.

1948-ல் அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டபோது ஹோமி பாபா தலைவரானார். பட்நாகரும், தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் உறுப்பினர்களாயினர். தொழில் வளமும் பயிற்சி பெற்ற ஆட்களும் உருவாகும் முன் ஆணையம் எதற்கு என்பது சாஹாவின் கேள்வி. அணு ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களில் வளர வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். அந்த வாதம் எடுபடவில்லை.

1952 தேர்தலில் இடதுசாரிகளின் ஆதரவுடன் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்ட சாஹா, காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார். 1954 மே மாதம், அணுசக்தியின் ஆக்கப் பயன்பாடு குறித்து மக்களவையில் விவாதத்தைத் தொடங்கிவைத்தார். ஆராய்ச்சியைச் சூழ்ந்திருந்த ரகசியத் திரையை அப்போது அவர் கடுமையாகச் சாடினார். அதே ஆண்டு ஆகஸ்டில், பிரதமரின் நேரடிப் பொறுப்பில் அணுசக்தித் துறை உருவானது. அதிகாரம் மேலும் ஓரிடத்தில் குவிந்ததே தவிர, சாஹா கேட்டது கிடைக்கவில்லை. அரசைத் தாக்கிய அவரையே நாள்காட்டிச் சீரமைப்புக் குழுவுக்குத் தலைவராக அரசு அமர்த்தியிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சாஹா மறைவதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 1955 ஆகஸ்டில், ஜெனீவாவில் நடைபெற்ற ஐ.நா. மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பாபா, அணுக்கரு இணைவு ஆற்றலை 20 ஆண்டுகளில் மனிதன் வசப்படுத்துவான் என்று கணித்தார். அந்தக் கெடு 1975-லேயே கடந்துவிட்டது.

ஹைட்ரஜனின் எலெக்ட்ரானைப் பிரித்து பிளாஸ்மாவாக்குவது எளிய பகுதி. அதைச் சுமார் 10 கோடி டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்த வெப்பத்தைக் காக்க வேண்டும் என்பதே சிக்கல். எந்தப் பாத்திரமும் தாங்காது என்பதால், வளைய வடிவ டோகாமாக் கருவியில் காந்தப் புலமே வேலியாகிறது. அந்த வேலிக்குள் பிளாஸ்மா நெளிகிறது, முறுக்கிக்கொள்கிறது, சில வேளைகளில் கண்ணிமைக்கும் நேரத்தில் குலைந்து சுவரில் மோதுகிறது. குலையாத நேரத்திலும் உள்ளே எழும் கொந்தளிப்பு வெப்பத்தை வெளியே கடத்திவிடுகிறது. கருவி பெரிதானால் வெப்பம் கூடுதல் நேரம் நிற்கும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

சாஹா இணைவு ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் அல்லர். எனினும், கல்கத்தாவில் அவர் நிறுவி, 1950-ல் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்துவைத்த அணுக்கரு இயற்பியல் நிலையம், மறைவுக்குப் பின் அவருடைய பெயரைப் பெற்றது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்திடம் வாங்கப்பட்ட டோகாமாக் அங்கு 1987-ல் இயங்கத் தொடங்கியது. இரண்டாண்டுகள் கழித்து, குஜராத்தின் காந்திநகரில் உள்நாட்டில் உருவான ஆதித்யா செயல்பாட்டுக்கு வந்தது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் பன்னாட்டு ஐடெர் உலைத் திட்டத்தில் 2005 டிசம்பரில் இந்தியாவும் சேர்க்கப்பட்டது. அதன் மாபெரும் குளிர்கலனுக்கான பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் தயாராகிக் கப்பலேறின.